முதலாளிக்குக் கிடைக்காத மடி

"கேட்குமுன் கொடுப்பவர், கொடுத்ததை மறப்பவர், பிறர் புகழ் கண்டு மகிழ்பவர், பொறாமை என்ற சொல்லையே அறியாதவர்." சிவகாசியில் ஒரு மன்றம் ஜெயச்சந்திரனுக்கு வழங்கிய பாராட்டு மடல் இப்படித் தொடங்குகிறது. அச்சடித்தது அவருடைய அச்சகம். புரூஃப் பார்த்ததும் அவரேதான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

தாத்தாவின் பட்டாசு ஆலையும் அப்பாவின் காலண்டர் அச்சகமும் வாரிசுச் சொத்தாக அவர் கைக்கு வந்தவை. பணக்கார வீட்டுப் பிள்ளையிடம் ஊர் ஆவலோடு எதிர்பார்க்கும் கெட்ட பழக்கம் எதுவும் அவரிடம் இல்லை. கொடுப்பது ஒன்றுதான் பழக்கம். ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் அச்சங்குளத்தில் பள்ளிக்குக் கட்டடம், ஊருக்குக் குடிநீர்த் தொட்டி, வருஷா வருஷம் கண் சிகிச்சை முகாம். தொழிலாளர் வீட்டு விசேஷம் எதுவானாலும் பத்திரிகை இலவசம். இதில் குறை கண்டுபிடிக்க முயன்றவர்கள் தோற்றுப்போனார்கள். தொட்டியில் தண்ணீர் நிஜமாகவே வருகிறது.

அப்படிப்பட்டவர் பொறாமைப்பட்டது இன்னொரு முதலாளியைப் பார்த்தல்ல. தன் ஆலையின் வேன் டிரைவர் சோணைமுத்துவைப் பார்த்து.

சோணைமுத்து யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. காலையில் அச்சங்குளத்துப் பெண்களை வேலைக்கு ஏற்ற வரும்போது ஒருத்தி இன்னும் தலைவாரிக்கொண்டிருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். ஆலையில் போர்மேன் கேட்டால் டயர் பஞ்சர் என்று சொல்வார். அவருடைய தொண்டு அவ்வளவே. ஆனால் கூடப்பிறந்தவன் இல்லாத பெண்கள் தங்கள் பிள்ளைக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் மடிக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஜெயச்சந்திரனையும் கூப்பிட்டார்கள், தலைமை தாங்க.

பட்டாசுக்குத் திரி வைக்கும் பானுப்பிரியாவின் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையின் புரூஃபில் 'தாய்மாமன் மடி: சோணைமுத்து' என்ற வரியை ஜெயச்சந்திரன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். திருத்த அதில் ஒன்றுமில்லை. வீட்டில் மனைவி அருணாதேவியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளப் பார்த்தார். "ஒங்களுக்கு மாலை போட ஆளிருக்கு. பிள்ளையத் தூக்கி மடியில குடுக்கத்தான் ஆளில்ல" என்றார் அம்மாள்.

காதுகுத்து நாளான ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெயச்சந்திரன் காலண்டர் கட்டுகளை வேனில் ஏற்றி விருதுநகர் குடோனுக்குச் சோணைமுத்துவை அனுப்பினார். இன்றைக்குக் காதுகுத்து என்று டிரைவர் நினைவூட்டியும், ஆர்டர் அவசரம் என்று சொல்லிவிட்டார். பிறகு குளித்துப் புதுவேட்டி கட்டினார். வெள்ளித் தட்டுகளில் பட்டுப்பாவாடையும் தங்கக் கம்மலும் பழமும் அடுக்கிக்கொண்டு அச்சங்குளம் கோயிலுக்குப் போய் இறங்கினார். காலியான பதவிக்கு அடுத்த ஆளைப் போடுவது அவருக்குத் தினசரி வேலை. மடியையும் அப்படித்தான் நினைத்துவிட்டார்.

பிள்ளைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். ஏழாயிரம்பண்ணையில் இன்னொரு காதுகுத்து இருக்கிறது, உச்சிக்கு மேல் நிற்க முடியாது என்று ஆசாரி நச்சரித்துக்கொண்டிருந்தார். சோணைமுத்துவைக் காணோம். பானுப்பிரியாவின் தாய் செல்லத்தாய் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, துண்டு விரித்து, முதலாளியை உட்காரச் சொன்னாள்.

அவர் உட்காரவில்லை. "சோணைமுத்து வரலைன்னா என்ன? நான் உக்காருதேன். பானு எனக்கும் தங்கச்சி மாதிரித்தான்" என்றார்.

செல்லத்தாய் கேட்டாள்: "மாதிரின்னா சரியாப் போச்சா, மொதலாளி? ஒங்க மடியில வச்சுட்டா, நாளைக்கு ஒங்க மக கல்யாணத்துக்கு நாங்க தங்கச்சி வீட்டுக்காரங்கன்னு தட்டெடுத்துக்கிட்டு முன்னால வருவோம். வரலாமா?"

அவர் மகள் ரோஷினிக்கு அப்போது மதுரையில் பெரிய இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் மடி கிடைத்துவிடும். கட்டடமும் தொட்டியும் கேட்குமுன் கொடுத்தவருக்கு, கேட்ட பிறகும் அந்த வார்த்தை வரவில்லை.

"கோவிச்சுக்கிடாதீக" என்றாள் செல்லத்தாய். "நீங்க குடுக்கீக, நாங்க வாங்கிக்கிடுதோம். அதுல ஒரு கொறையும் இல்ல. மொறைங்கது வேற. பானுவோட அண்ணன் வாரவரைக்கும் இருக்கோம். எங்களுக்காக அவுக எம்புட்டுக் காத்துக் கெடந்திருக்காக."

ஆசாரி பெட்டியை மூடத் தொடங்கினார். பானுப்பிரியா அழவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயச்சந்திரன் தள்ளிப்போய்ப் போன் போட்டார். லோடு பாதிதான் இறங்கியிருக்கிறது, வண்டியை நகர்த்த வழியில்லை என்று குடோனிலிருந்து சோணைமுத்து சொன்னார். ஜெயச்சந்திரன் திரும்பி வந்து, ஆசாரியைக் கையெடுத்துக் கும்பிட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். தானே காரை எடுத்துக்கொண்டு விருதுநகர் போய், சோணைமுத்துவை ஏற்றிக்கொண்டு வந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டார். சோணைமுத்து மடியில் வைத்துப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். கம்மலும் ஜெயச்சந்திரன் கொண்டுவந்ததுதான். மறுநாள் காலை, அச்சங்குளம் வேனிலிருந்து சோணைமுத்துவை எடுத்துவிட்டு, வேறு டிரைவரைப் போட்டார்.