நெடுஞ்சாலையில் ஒரு பந்தி

புதுவாயல் தாபாவைக் கடக்கும்போது ரொட்டி சுடும் வாசம் வந்தால், எனக்கு அந்த வெள்ளம்தான் நினைவுக்கு வரும். வீடுகளில் தண்ணீர் புகுந்து, ஊரே நெடுஞ்சாலைக்கு ஏறியிருந்தது. அம்மா கூலிக்கு நடவு நட்ட நிலத்துக்காரரும் குடும்பத்தோடு வந்திருந்தார். மழையில் சிக்கிய லாரியின் பஞ்சாபி டிரைவர், தலைப்பாகை நனைய, எல்லோரையும் சாலையிலேயே வரிசையாக உட்காரவைத்து ரொட்டி சுட்டார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"இன்னாம்மா அங்க நிக்கிற?" என்றார் அவர், சாலையில் கற்ற தமிழில். "எங்க குரு நானக் காட்டுன வழி இது. ராஜா வந்தாலும் எல்லார்கூடயும் கீழதான் குந்தணும்."

நிலத்துக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவிதான் நகர்ந்து இடம் விட்டார். "குந்து கன்னியம்மா. பொண்ணு பசியா கீது."

அம்மா உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிட்டு முதலில் எனக்கு ஊட்டினாள். பிறகு அவளும் நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

வெள்ளம் வடிந்து மறுபடி நடவு வந்தது. நிலத்துக்காரர் வீட்டில் வழக்கம்போல் கொல்லைப்புறத்தில் சோறு வைத்தார்கள். அம்மா சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு சிரித்தபடியே சொன்னாள்:

"வேணாம்மா. நான் ஊட்டுக்குப் போயி என் பொண்ணுகூட குந்திக்கினு துன்றேன்."