செங்கவசனின் மார்பில் எழுதியவள்

மருதோன்றியாம்! புருசன் செத்து இத்தாத் துக்கத்தில் இருக்கிற பெண் விரல் பத்துக்கும் மருதோன்றி போட்டிருக்கிறாளாம்! அது எனாமல் பெயின்ட். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத சிவப்பு எனாமல். பக்கத்து வீட்டு நாச்சியா கிணற்றடியில் நின்று வேலிக்கு மேலால் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பார்த்ததை முழுசாகப் பார்க்காமலே சாய்ந்தமருது முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

"புரிசன்ட கபுறு மண் இன்னும் காயல்ல, கையச் சிவப்பிச்சிக்கிட்டு இரிக்காள்கா. டீவியும் ஓடுது. காரைதீவு ஆள் ஒருத்தன் வேனில வந்து வாசல்ல நிண்டு கதைச்சிப்போட்டுப் போறான்."

கை சிவந்திருந்தது, டீவி ஓடியது, ஆள் வந்தான். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றை முடிச்சுப் போட்டு றாஹிலா புதுமாப்பிள்ளை தேடுகிறாள் என்று கட்டினார்களே, அது பொய். யார் வந்து எத்தனை தரம் சொன்னாலும் பொய்தான்.

றாஹிலாவின் கணவன் ஜவுபர் எழுத்துக்காரன். கடை போர்டு, தோணிப் பெயர், கல்யாண வளைவு, எல்லாம் அவன் கைதான். சுனாமி வந்து கடற்கரைப் பக்கத்து வீட்டை அடியோடு வழித்துக்கொண்டு போனது. இவர்கள் இரண்டு பேரும் அன்று காலை மாவடிப்பள்ளியில் இறந்தவருக்கு ஓதும் கத்தம் ஒன்றுக்குப் போயிருந்தபடியால் தப்பினார்கள். பிள்ளை குட்டி முன்னமே இல்லை. திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அவர்களுடைய பெயின்ட் டின் ஒன்று மட்டும் மூடி கழலாமல் மண்ணில் கிடந்தது.

பிறகு ஊருக்குள் உதவி வந்தது. உதவி வந்தால் போர்டும் வரவேண்டும் அல்லவா? கிணறு கட்டினால் கொடுத்தவர் பெயர், கக்கூஸ் கட்டினால் கொடுத்தவர் பெயர். ஒரே நேரத்தில் ஊருக்குள் அத்தனை நாட்டு எழுத்து. ஜவுபருக்கு மூச்சுவிட நேரமில்லை. அவன் கோடு போட்டுக் கொடுப்பான், றாஹிலா வீட்டுக்குள் இருந்து உள்ளே நிரப்புவாள். அப்படித்தான் அவள் கைக்கு எழுத்து வந்தது. என்ன எழுதுகிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. எழுத்தின் வளைவு தெரியும், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த வருசம் பாதைகள் திறந்தன. கொழும்பில் இருந்து ராட்டினமும் விளையாட்டுக் கடைகளும் போடுகிற காணிவேல்காரர்கள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். அந்த நேரம் டீவியில் பின்னேரத்தில் ஒரு வெளிநாட்டு வீரன் வருவான். பிள்ளைகள் அவனைச் செங்கவசன் என்றார்கள். சாம்பல் நிறக் கவசம், மார்பில் சிவப்பாக ஒரு வரி எழுத்து, அந்தச் சிவப்பால் வந்த பெயர். அதே கவசத்தைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் போட்டோ எடுக்கலாம் என்பது காணிவேல்காரர்களின் யோசனை. கவசத்தை பைபரில் செய்கிற வேலை காரைதீவில் படகு கட்டும் செல்லத்தம்பிக்குக் கிடைத்தது. எழுத்து வேலையை அவர் ஜவுபரிடம் கொண்டுவந்தார்.

ஜவுபர் நல்ல மனிதன், அதுதான் வினையாகிப் போனது. வெளிநாட்டு எழுத்து கோணலாக இருக்கிறதே என்று நேராக்கினான். மேலும் கீழும் நூல் பிடித்துக் கோடு போட்டான். வலப்பக்கம் நிழலும் வைத்தான். காணிவேல்காரர்கள் பார்த்துவிட்டு, "இது புடவைக்கடை போர்டு மாதிரி இரிக்கி. டீவியில பாக்கிற புள்ளைகள் ஏமாறாதுகள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பவும் எழுதுவோம் என்று சொல்லித் கவசத்தின் மார்புத் தகட்டைச் சுவரில் சாத்தி வைத்தான். மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

றாஹிலா இத்தாவுக்குள் போனாள். வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்களின் முன்னால் வரக் கூடாது, அலங்காரம் கூடாது. அவள் அதில் ஒன்றையும் மீறவில்லை. ஆனால் ஜவுபரின் தாத்தா முஸ்பிறா, அவனுடைய மூத்த சகோதரி, றாஹிலாவுக்கு மச்சி, வாரம் தவறாமல் சோறு கொண்டுவரும்போது இன்னொன்றும் கொண்டுவந்தாள்.

"இத்தா முடியட்டும். வெளிநாட்டுக்குப் போறதுக்கு ஏஜென்சியில சொல்லி வெச்சிரிக்கன். ரெண்டு வருசம் ஒரு வீட்டுல வேல செஞ்சா போதும். இஞ்ச இருந்து என்னத்தத் திங்கப் போறாய்?"

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. முஸ்பிறாவின் இரண்டு மகள்மாரும் அப்படித்தான் போய் வந்தார்கள். ஆனால் யாரோ ஒருவரின் வீட்டில் தரை துடைக்கப் போவதற்கு றாஹிலாவுக்கு மனம் வரவில்லை. தன் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டு தன் வீட்டில் இருக்க நினைத்தாள். அந்த வேலையோ சுவரில் சாத்திக் கிடந்தது.

செல்லத்தம்பி வந்து திரைக்கு அங்கால் நின்றார்.

"தங்கச்சி, நான் தகட்டைக் கொண்டு போறன். கொழும்பில வேற ஆளைப் பிடிக்கப் போறாங்களாம்."

"அண்ணன், ஒருக்கா எனக்குத் தாங்க. நான் எழுதிப் பாக்கன்."

"நீங்களா?" என்று கேட்டார். "சரி. ஆனா இந்தமுறை பிழைச்சா எனக்கும் ஓடர் போயிரும், அதையும் சொல்லிப்போட்டன்."

மரணம் நடந்த வீடென்று டீவிக்கு மேல் துணி போட்டிருந்தது. பின்னேரம் ஆனதும் றாஹிலா துணியைத் தூக்கினாள். சத்தத்தை அடைத்தாள். சுளகில் அரிசிமாவைப் பரப்பி மடியில் வைத்துக்கொண்டாள். செங்கவசன் சண்டைக்கு முந்தி மார்பைக் காட்டி நிற்பான், கண்மூடித் திறப்பதற்குள் திரும்பிவிடுவான். அந்த இடைவெளியில் ஓர் எழுத்தை மட்டும் பார்த்து மாவில் விரலால் இழுப்பாள். மறுநாள் அடுத்த எழுத்து. பார்க்கப் பார்க்க அவளுக்கு விளங்கியது: அது கோடு பிடித்து எழுதியதல்ல. தட்டைத் தூரிகையை ஒரே இழுப்பாய் இழுத்திருக்கிறார்கள், தொடக்கத்தில் தடிப்பு, முடிவில் பெயின்ட் தீர்ந்து வரிவரியாய்ப் பிரிகிறது. மூன்றாம் எழுத்து மற்றவற்றைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. தோள்வார் உரசுகிற இடத்தில் கடைசி எழுத்தின் வால் தேய்ந்து போயிருக்கிறது. அந்த வீரன் சண்டை பிடிக்கிறவன், அவனுடைய எழுத்தும் அடிபட்டுத்தான் இருக்கும்.

புதுத் தகடு கிடையாது. இருப்பது ஒன்று, அதில் ஜவுபர் எழுதியது இருக்கிறது.

சாண்ட் பேப்பரைக் கையில் எடுத்தவள் கீழே வைத்தாள். லுஹர் தொழுதாள். திரும்பவும் எடுத்தாள், திரும்பவும் வைத்தாள். அவன் கடைசியாகத் தொட்ட பெயின்ட் அது. பிறகு முதல் எழுத்தின் நிழலில் இருந்து தேய்க்கத் தொடங்கினாள். பாதி தேய்த்துக்கொண்டிருக்கும்போது முஸ்பிறா சோற்றுப் பார்சலோடு உள்ளே வந்தாள்.

"என்ன செய்யிறாய்? என்ட தம்பிர எழுத்தையா அழிக்கிறாய்?"

"ஓம் மச்சி."

"ஒனக்கு நெஞ்சில ஈரம் இரிக்கா? அவன்ட கையால வந்த கடைசி வேலகா அது!"

"திருப்பி அனுப்பின வேல மச்சி. அவர் இருந்தா அவரே சுரண்டியிருப்பார்."

"அவன் இருந்தாச் சுரண்டட்டும். நீ ஆரு சுரண்ட?"

றாஹிலா குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். முஸ்பிறா பார்சலை மேசையில் போட்டுவிட்டுப் போனாள். பின்னால் கிளம்பிய நாச்சியாவின் மருதோன்றிக் கதையோடு இதுவும் சேர்ந்தது. புருசன் பெயரையே அழித்துப்போட்டாளாம். அங்கே யாருடைய பெயரும் இருக்கவில்லை, அதையாவது கேட்டார்களா?

அவள் விரல் பத்தும் எனாமலில் சிவக்க எழுதி முடித்தாள். காய்ந்த பிறகு வாலைத் துணியால் உரசித் தேய்மானம் வைத்தாள். செல்லத்தம்பி வந்து கொண்டுபோனார். பிறகு பல நாளாய் ஆளைக் காணவில்லை. அந்த நாட்களில் அவள் துணியைத் தூக்கி டீவி பார்க்கவும் இல்லை.

வந்தபோது திரைக்கு அங்கால் வாசலிலேயே அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, இது டீவியில இருந்து கழட்டினதா எண்டு கேக்கிறாங்க. இன்னும் கவசம் வேணுமாம், தொப்பி வேணுமாம், இடுப்புப் பட்டியும். அந்த எழுத்துக்காரனைக் கூட்டி வா எண்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எழுத்துக்காரன் இல்ல, எழுத்துக்காரி, இப்ப வரமாட்டா எண்டன். அவங்கள் பொறுக்கிறாங்க. ஆனா இவ்வளவு சாமானையும் இஞ்ச ஏத்தி இறக்க ஏலாது. படகு கட்டுற வாடிக்குத்தான் வரவேணும். என்ட மனிசியும் அங்க மகள்மாரோட நிப்பா."

இத்தா முடிந்தது. மறுநாள் காலை றாஹிலா குளித்து, அபாயா போட்டு, தூரிகைகளைப் பழைய சாரன் துண்டில் சுற்றினாள். வாசலுக்கு வந்தால் படியில் முஸ்பிறா உட்கார்ந்திருக்கிறாள், வழிக்குக் குறுக்கே காலை நீட்டிக்கொண்டு.

"போட்டோ புடிக்கப் போவம் வா. பாஸ்போட்டுக்கு."

"வேணாம் மச்சி. நான் வேலைக்குப் போறன்."

"எங்க, காரைதீவுக்கா? ஊரு என்ன கதைக்கும்?"

"கதைச்சி முடிஞ்சிது மச்சி. இனிப் புதுசாக் கதைக்க என்ன இரிக்கி?"

முஸ்பிறா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, சாரன் துண்டைப் பார்த்தாள். அதற்குள் இருப்பது தம்பியின் தூரிகைகள் என்று அவளுக்குத் தெரியும்.

"அவன்ட எழுத்த அழிச்சிப்போட்டாய்" என்றாள், இந்தமுறை மெதுவாக.

"அழிச்சன் மச்சி. எனக்கும் நொந்திச்சு."

றாஹிலா படியில் நின்றாள். தாண்டிப் போகலாம், ஆனால் மூத்தவளின் காலைத் தாண்டுவது மரியாதையில்லை. நின்றாள். கொஞ்சம் பொறுத்து முஸ்பிறா காலை மடக்கிக்கொண்டாள். வழிவிடத்தான் மடக்கினாளா, மரத்துப் போனதால் மடக்கினாளா, அது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். றாஹிலா அதை வழி என்றே எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.