அடிக்கோடிட்ட ‘சுகம்’

என் மனைவிக்கு இதய உறையில் அழற்சி என்று திருகோணமலை டாக்டர் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார். காலையும் மாலையும் காய்ச்சலை அளந்து நாட்குறிப்பில் எழுதினேன். ஆறாம் நாள் காய்ச்சல் இல்லை. ‘சுகம்’ என்று எழுதி அடிக்கோடிட்டு அவளிடம் காட்டினேன்.

“என்னப்பா சுகம்? படுத்தால் மூச்சுவிட ஏலாமக் கிடக்கு. ரெண்டு நாளாக் கதிரையில இருந்தபடிதானே நித்திரை.”

“தெர்மாமீட்டர் பொய் சொல்லாதுப்பா.”

“அப்ப அதோடயே குடும்பம் நடத்துங்கோ!”

எழுதிய சொல்லையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை, கார் பிடித்து அவளைத் திருகோணமலைக்கு ஏற்றிப் போனேன். டாக்டர் நாட்குறிப்பைப் புரட்டினார்.

“காய்ச்சலை வடிவா எழுதியிருக்கிறியள். கதிரையில நித்திரை கொண்டதை எங்க எழுதினனீங்கள்?”

இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. அன்றே ஊசியால் எடுத்தார்கள்; பிழைத்தாள்.

இப்போதும் காய்ச்சலை அளந்து எழுதுகிறேன். ‘சுகம்’ என்பதை மட்டும் அவள் சொன்ன பிறகே எழுதுகிறேன்.