கடைசிப் பக்கத்தில் கிடந்த கடிதம்

போன கிழமை முழுக்க எனக்கு ஒரே குழப்பம். இப்போதும் முழுதாகத் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்...

எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் சனசமூக நிலையத்துக்குச் சொந்தமாக ஒரு வெப்மெயில் வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானித்தார்கள். பழைய இலவச ஈமெயிலின் பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஆள் முன்னாள் செயலாளர். அவர் கனடாவுக்குப் போனபோது பாஸ்வேர்டும் கூடவே போய்விட்டது! "எங்கடை பெட்டி எங்கடை கொம்பியூட்டரிலேயே இருக்கட்டும்" என்றார்கள். ஆருக்கு ஏலும் என்று கேட்டதும், "எனக்கு ஏலும்" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே?

நிலையத்தின் பழைய கொம்பியூட்டரில் எப்படியோ நிறுவிவிட்டேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

அப்போதுதான் பரமேஸ்வரி அக்கா வந்தார். அம்மன் கோயில் மூன்றாம் திருவிழா அவர்கள் குடும்பத்து உபயம். அது இலண்டனில் இருக்கும் தம்பியின் பேரில் நடக்கிறது. தாயின் செத்தவீட்டில் தொடங்கிய சண்டையால் அக்காவும் தம்பியும் நாலு வருடமாகக் கதை பேச்சில்லை. "இந்தமுறை வருவியோ, இல்லாட்டி உன்ரை பேரை எடுக்கட்டோ?" அக்கா சொல்லச் சொல்ல, திங்கட்கிழமை நான் தட்டி அனுப்பினேன். ஞாயிறு கோயில் கூட்டத்துக்குள் பதில் வரவேண்டும்.

புதன்கிழமை பார்த்தால் பெட்டி ஊமை. அனுப்பினால் போகிறது, உள்ளே ஒன்றும் வரவில்லை. விளம்பரம்கூட வரவில்லை! எனக்கு நானே 'சோதனை 1' என்று அனுப்பினேன். 'அனுப்பப்பட்டது' என்றது. வரவில்லை. 'சோதனை 14' வரை போனேன். கடிதங்களைத் தொடாமல் மென்பொருளை மட்டும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். இணையத்தில் தேடினால், இதே வருத்தம் இன்னொருவரின் பெட்டிக்கும் வந்திருக்கிறது. கடைசியில் அவர் எழுதியிருந்தது: "சரிவந்துவிட்டது, நன்றி." எப்படி ஐயா சரிவந்தது? அதை எழுதவில்லையே!

அக்கா தினமும் வந்து கேட்டார். சனிக்கிழமை நேராகவே கேட்டுவிட்டார்.

"தம்பி, உம்மடை பெட்டியிலை ஏதும் பிழையோ?"

"பெட்டி சரி அக்கா. அவர்தான் எழுதேல்லைப் போல."

ஏன் அப்படிச் சொன்னேன்? மானப் பிரச்சினைதான், வேறென்ன...

"அப்ப நாளைக்கு அவன்ரை பேரை வெட்டச் சொல்லுறன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

ஞாயிறு காலை மறுபடி போய் மல்லுக்கட்டினேன். நிலையத்தைத் திறந்து பூட்டுகிற தம்பிராசா அண்ணை பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மரண அறிவித்தல் பார்ப்பதற்காக எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குவார்.

"நீரும் நாலு நாளா முன்பக்கத்தையே பாத்துக்கொண்டிருக்கிறீர். கடைசிப் பக்கம் பாத்தனீரோ?"

சிரித்துக்கொண்டுதான் பெட்டியின் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஏழாம் பக்கம்... இரண்டு மாதத்து விளம்பரக் குப்பைக்கும் கீழே... சோதனை 1, சோதனை 2, பதினாலும் வரிசையாக! எல்லாவற்றுக்கும் பதினைந்து வருடத்துக்கு முந்திய திகதி. அவற்றுக்கு நடுவில் இலண்டன் கடிதம்.

"அண்ணை, இந்தக் கொம்பியூட்டரை ஆரும் நிப்பாட்டினவையோ?"

"செவ்வாய் பின்னேரம் இடியெல்லோ? பிளக்கைக் கழட்டினனான். மழை விட்ட பிறகு கொழுவியும் விட்டனான். கழட்டாமல் விட்டு ரீவி எரிஞ்சது மறந்துபோச்சோ?"

இடி முழங்கினால் பிளக்கைக் கழட்டாத வீடு எங்கள் தீவில் ஏது? கொம்பியூட்டருக்குள் நேரத்தை நினைவு வைத்திருக்கிற குட்டிப் பற்றரி எப்போதோ செத்திருக்கிறது. மின்சாரம் போனதும் கொம்பியூட்டர் பதினைந்து வருடம் பின்னுக்கு, தன் இளமைக்குத் திரும்பிவிட்டது. புதிதாக வந்ததையெல்லாம் பழைய கடிதம் என்று அடியில் போட்டிருக்கிறது.

கூட்டம் தொடங்குமுன் அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். "அக்கா, வாறன். ரிக்கெற் போட்டாச்சு. பேரை எடுக்காதை. நீயாக் கேட்டு எழுதினதே போதும்." உள்ளே, அவர் இலண்டனில் எழுதிய நாள் சரியாக இருந்தது. புதன்கிழமை.

"புதனோ? இவ்வளவு நாளும் அவனைத் திட்டிக்கொண்டெல்லோ திரிஞ்சனான்..."

போனை நீட்டி, "அவன்ரை நம்பரை ஒருக்கா அடிச்சுத் தாரும்" என்றார். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

பற்றரியை மாற்றியாயிற்று. 'அவர்தான் எழுதேல்லை' என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?