மூன்றாவது ஓட்டத்துக்கு ஒரு தூக்கு ரசம்

பாக்கியநாதன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார். மகள் ஜெபா குனிந்து, அதிர்வு தாங்கும் பின் ஷாக்கில் அவர் எடைக்கேற்பக் காற்றடித்தாள்.

“ஏன்பா மூச்ச அடக்கினு கீற?”

“வெயிட்டு கொஞ்சம் கம்மியா காட்டட்டுமேன்னுதான்.”

“அடக்கினாலும் உட்டாலும் எண்பத்தாறு கிலோதான்பா.”

“எண்பதுன்னு போடுமா. ஃபாரின்காரன் பாக்கற பேப்பரு.”

நூற்றெண்பது பாயிண்டில் அவள் பம்பைக் கழற்றினாள். மூன்றாவது ஓட்டத்துக்கான அந்த ஆயத்தம்தான் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. மூன்றாம் நாள் காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே, தேர்வாய் கண்டிகையில் மகள் வேலை செய்யும் எலெக்ட்ரிக் சைக்கிள் கம்பெனியில் ஓட்டிப் பார்க்கிற ஆளாகச் சேர்ந்துகொண்டார். மலையில் ஓட்டும் சைக்கிள். பக்கத்தில் மலைதான் கிடையாது. ஏரிக்கரையின் கருங்கல் சரிவில் இறக்குவார். “மலைய நான் மனசுல வெச்சிக்கிறேன்” என்பார்.

ஜெபா வடிவமைத்தது ஹை பிவட் மாடல். பின் சக்கரத்தைத் தாங்கும் மூட்டு வழக்கத்தைவிட மேலே இருக்கும். கல்லில் மோதினால் சக்கரம் முதலில் பின்வாங்கி, பிறகு ஏறும். செயின் இழுபடாமலிருக்க மேலே ஒரு சின்ன உருளை. அந்த உருளை வீண் செலவு, வீண் சத்தம் என்பது மேனேஜர் அன்புராஜின் கட்சி. மூன்று சோதனை ஓட்டத்திலும் தேறாவிட்டால் பழைய டிசைனுக்கே போய்விடுவார்.

முதல் நாள் மதிப்பீட்டுத் தாளின் பதினான்கு கட்டங்களிலும் பாக்கியநாதன் ‘நல்லா கீது’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஓட்டம் கணக்கிலேயே வராது என்று ஜெபா கத்தினாள். மறுநாள் சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பியை வளைத்து, மூடியில்லாத தூக்கு ஒன்றை இறுக்கி, கழுத்துவரை ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்.

“தண்ணி ஊத்தக் கூடாதா?”

“தண்ணி வெயில்ல காஞ்சிடும். ரசம்னா பேன்ட்டுல சாட்சி நிக்கும்.”

பழைய மாடலில் பாதித் தூக்கு காலி. ஜெபாவின் மாடலில் முதல் ஓட்டத்தில் இரண்டு கரண்டி, இரண்டாவதில் ஒன்றரை. அவள் தலையில் அடித்துக்கொண்டு சென்சார் கணக்கோடு ஒப்பிட்டாள். ரசம் சொன்னது சரியாக இருந்தது.

தூக்கு அவருடையதல்ல. ஆரம்பாக்கத்தில் எதிர்வீட்டுக் குணசுந்தரி தைப் பொங்கலுக்குப் பொங்கல் வைத்துக் கொடுத்தது, பெயர் வெட்டியிருக்கும். ஆடி பிறந்தும் திரும்பவில்லை.

“இன்னா அண்ணா, என் தூக்கு எங்க?”

“அது இப்ப கம்பெனில வேல செய்யுதும்மா.”

“எனக்குத் தெரியாம வேலைக்கு அனுப்பிட்டியா? சம்பளத்தயாவது இங்க குடு!”

சாவு வீட்டில் அதே குணசுந்தரி, “தூக்கு தூக்குன்னு கேட்டு பேஜாரு பண்ணிட்டனே அண்ணா” என்று அழுதாள். அன்புராஜும் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, வாசலில் தயங்கி நின்று, “மூணாவது ஓட்டம்... வெள்ளிக்கெழமைக்குள்ளம்மா” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜெபா ஒரு குண்டான் ரசம் வைத்து எடுத்துப்போய், தானே ஏறினாள். சரிவு முடிவதற்குள் பாதித் தூக்கு அவள் பேன்ட்டில் இருந்தது. கரைமேல் நின்ற அன்புராஜ் பேனாவைத் திறந்தார்.

“சார், எழுதாதீங்க. இது அப்பா காத்து.”

எண்பத்தாறு கிலோவுக்கு அடைத்த காற்று. அவள் எடை ஐம்பத்து நான்கு; அதற்கு ஷாக் அமுங்கவே இல்லை. காற்றைக் குறைக்க வேண்டும் என்று காலையிலேயே தெரியும். பம்பை வால்வுவரை கொண்டுபோய், மூன்று முறை பைக்குள் திரும்ப வைத்திருந்தாள்.

இப்போது பம்பை மாட்டி, காற்றுவிடும் வால்வை அழுத்தினாள். உஸ்ஸென்று நீளமாக வந்தது. அன்று அடக்கிய மூச்சை மனுஷன் இப்போதுதான் விடுகிறார். நூற்றுப் பத்தில் நிறுத்தினாள். ரசத்தை மறுபடி நிரப்பி, மறுபடி இறங்கினாள்.

ஒன்றரைக் கரண்டி.

அன்புராஜ் விரலை விட்டு ருசி பார்த்தார். “உப்பு இல்ல. சைக்கிள் ஓகே” என்று கையெழுத்துப் போட்டார்.

ஜெபா ஏரித் தண்ணீரில் தூக்கை அலசினாள். பழைய தாள்களை அடுக்கும்போது, இரண்டாவது ஓட்டத்தின் தாளுக்குப் பின்புறம் அப்பாவின் கையெழுத்து தெரிந்தது:

‘மூணு ஓட்டமும் முடிஞ்சதும் தூக்கை குணசுந்தரிக்குத் தரணும். காலியா தரக் கூடாது. பிளம் கேக் வாங்கணும்.’