முகப்புப் பக்கத்தில் ரிஸ்வானா

செய்தி ரிஸ்வானாவின் எண்ணிலிருந்தே வந்தது. சமயநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் அம்மாவின் கைப்பேசியோடு நின்றுகொண்டிருந்தேன். சற்று முன்புதான் சரவணன் அண்ணன் நம் வாட்ஸ்அப் குழுவில், "தளம் திறந்தாச்சு, எல்லாரும் பாருங்க" என்று போட்டிருந்தார். அதன் கீழே அவள் பெயர் வந்து நின்றது. 'இதற்கும் இவள்தான் முதலில் பதில் போட வேண்டுமா?' என்றுதான் எனக்குத் தோன்றியது. "ரிஸ்வானாவோட அத்தா எழுதுறேன். பிள்ளை காலையில மவுத்தாயிட்டா, எங்களை விட்டுப் போயிட்டா. காய்ச்சல் இறங்கவே இல்லை. எல்லாரும் துஆ செய்யுங்க" என்று இருந்தது. பேருந்து வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை.

நம் குழுவில் இருந்த உங்களுக்கு அவளைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விதை, மண், தண்ணீர், பயிர்நோய் என்று நாடெங்கும் ஆய்வுக்கூடங்கள் வைத்திருக்கும் ஒரு பெரிய அறிவியல் நிறுவனம் தன் இணையதளத்தை மாற்றி அமைக்க முடிவு செய்தது. வடிவமைக்கும் வேலை மதுரைக்காரரான சரவணன் அண்ணனிடம் வந்தது. தளத்தைப் பயன்படுத்தும் மக்களைக் கேட்டுத்தான் செய்வேன் என்றார் அவர். அதற்காகப் பள்ளி அறிவியல் மன்றங்களிலிருந்து எங்களைச் சேர்த்தார். நானும் ரிஸ்வானாவும் பதினொன்றாம் வகுப்பு, ஆனால் வேறு வேறு பள்ளி. கீழவாசல் பக்கம் அவள் அத்தா தையல் மெஷின் சாமான் கடை வைத்திருந்தார். அவள் என்னைவிட எதில் பெரியவள் என்று முதல் நாளே அளந்து பார்த்துவிட்டேன். உயரத்தில் இல்லை. மதிப்பெண்ணிலும் இல்லை. கட்டுரைப் போட்டிப் பரிசு ஒன்றுகூட அவள் வாங்கியதில்லை. நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி முதல் சோதனையிலேயே போயிற்று. வேலை எளிதானதுதான். மாதிரித் தளம் உள்ள கைப்பேசியை ஒருவரிடம் கொடுத்து, ஏதாவது ஒன்றைத் தேடச் சொல்ல வேண்டும். அவர் எங்கே திணறினாலும் உதவக் கூடாது. திணறுகிற இடம்தான் திருத்த வேண்டிய இடம். ரிஸ்வானாவின் அத்தா கடைக்கு எதிரே இருந்த விதைக்கடைக்காரரிடம் நான் கொடுத்தேன். அவர் விரல் தவறான பக்கம் போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை. "இங்கே அண்ணே, இங்கே" என்று காட்டிவிட்டேன். அடுத்த கடையிலும் அதேதான் நடந்தது. சரவணன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கயலு, பரீட்சையை நீயே எழுதிக் குடுத்துட்டியேம்மா! இப்ப சைட் பாஸு, நாமதான் பெயிலு."

ரிஸ்வானா, தான் கொடுத்த கைப்பேசியோடு அடுத்த ஸ்டூலில் இருந்த பெரியவரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர் தானாகவே பேசிக்கொண்டிருந்தார்: "இது எதுக்கு இருக்கு? இதை அமுக்குனா அது வருது, அதை அமுக்குனா ஒண்ணும் வரலை." எங்களுக்கு வேண்டியதெல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தது. அவர் போன பிறகு, "எப்படி உன்னால சும்மா இருக்க முடியுது?" என்று கேட்டேன். அவள் தொடைக்கு அடியிலிருந்து இரண்டு கைகளையும் உருவிக் காட்டினாள். சிவந்திருந்தன. "மேல உக்காந்துக்கிருவேன். இல்லாட்டி அதுபாட்டுக்கு நீண்டுரும்."

நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அவள் மீது எனக்குப் பொறாமை. இருந்தது என்று எழுத வரவில்லை. இன்னும் இருக்கிறது.

அந்தத் தளத்தின் முகப்புக்கு முன்னுரை எழுதியவள் நான். அறிவியல் யாருக்கும் தூரமானது அல்ல என்று தொடங்கும் ஒரு பத்தி. பல முறை அடித்துத் திருத்தி எழுதியது. பெரிய நிறுவனத்தின் வாசலில் என் தமிழ் நிற்கப்போகிறது என்று தலைமை ஆசிரியை வரை சொல்லிவைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டுதான் சோழவந்தான் போனோம். ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் கைப்பேசியை வாங்கியவர் என் பத்தியைக் கட்டைவிரலால் ஒரே தள்ளாகத் தள்ளினார்.

"ஏத்தா, என்ன இம்புட்டு எழுதியிருக்கு? கல்யாணப் பத்திரிகையா?"

நான் வாயைத் திறந்தேன். ரிஸ்வானா என் காலை மிதித்தாள்.

"என் கொடிக்கால்ல இலை கருகுது. அதுக்கு எங்கிட்டுப் போகணும்? அதைக் காணோமே" என்றார் அவர்.

அது 'தாவர நோயியல் பிரிவு' என்ற தலைப்புக்குள் பத்திரமாக இருந்தது. அவர் அந்தத் தலைப்பைத் தாண்டித் தாண்டிப் போனார்.

மதுரையில் நடந்த கூட்டத்தில் ரிஸ்வானா எழுந்து, "முன்னுரையை ஒருத்தரும் வாசிக்கலை. முதல்ல 'உங்களுக்கு என்ன பிரச்சினை?'னு கேப்போம். கீழ அவங்க சொன்ன மாதிரியே 'இலை கருகுது', 'தண்ணி உப்பாயிருச்சு'ன்னு போடுவோம்" என்றாள். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல். என் பத்தி தளத்தின் அடியில், 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்குப் போயிற்று. திரும்பும்போது பேருந்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ எழுதுனது நல்லாத்தான்டி இருக்கு. ஆனா வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிது. வர்றவங்க எப்படி உள்ள போவாங்க?"

"நீ ஒரு பத்தி எழுதிப் பாரேன்."

"எனக்கெங்க எழுத வருது? அதான் சும்மா உக்காந்து பாக்குறேன்" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு கோபப்படவும் வழியில்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "எம்பிள்ள செஞ்சது வந்துருச்சாமே. காட்டு கண்ணு" என்றார். தளத்தைத் திறந்து கைப்பேசியைக் கொடுத்தேன். 'உங்களுக்கு என்ன பிரச்சினை?' என்று அது கேட்டது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ பேரு எங்கிட்டு இருக்கு?" என்றார்.

பணியாற்றியவர்களின் பெயர்கள் 'எங்களைப் பற்றி' பக்கத்தில், என் பத்திக்குக் கீழே இருக்கின்றன. சொல்லியிருக்கலாம். ஆனால் என் கைகள் தாமாகத் தொடைக்கு அடியில் போய்விட்டன. அவர் உரத்துக்குப் போனார், மழை அளவுக்குப் போனார், திரும்பி வந்தார். கடைசியில் அடிக்கு இறங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தார். மகளைத் தேடுகிறவர் அல்லவா, ஒரு சொல்லையும் விடாமல், என் பத்தியை எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்தார். நான் பார்க்க அதை முழுதாக வாசித்த முதல் ஆள் அவர்தான். வாசித்து முடித்ததும் கீழே ரிஸ்வானாவின் பெயர் வந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"எம்புட்டு அழகா எழுதியிருக்கா பாத்தியா?" என்றார் என்னிடம்.

என் கைகள் வலித்தன. நான் அவற்றை எடுக்கவில்லை.

நீங்களும் அந்த அம்மாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பத்தியும் அவளுடையதாகவே இருக்கட்டும். எனக்கு அவள் விட்டுப்போனது இந்த உட்காரும் விதம்தான். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.