ஐந்தாம் பாடத்தில் போய் நிற்கும் பிளேயர்

அலுவலகங்களில் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கும் அவருக்கு ‘செட்டிங்ஸ்’ என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எந்த மெஷின் முன்னால் போய் நின்றாலும், அது புகையே கக்கிக்கொண்டிருந்தாலும், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால், “இருங்க, முதல்ல செட்டிங்ஸ் பாத்துடுவோம்” என்பார். பெரும்பாலும் அதிலேயே காரியம் முடிந்துவிடும். யாரோ பேப்பர் அளவை மாற்றி வைத்திருப்பார்கள், யாரோ கறுப்பைக் கூட்டி வைத்திருப்பார்கள். அவர் நாலு பட்டனை அழுத்திவிட்டு, மெஷினின் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு, டோனர் படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டு கிளம்புவார்.

ஆள் நல்ல ஆகிருதி. அவர் லிஃப்டில் ஏறினால், உள்ளே இருப்பவர்கள் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும் தகட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். மேஜை மூலையில் இடித்துக்கொள்ளாமல் அவர் ஒரு அறையைக் கடந்ததாகச் சரித்திரமே கிடையாது.

வீடு மூன்றாவது மாடியில். அவர், அவர் மனைவி, மாமியார் என்று மூன்றே பேர். மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பாளர். மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை ஏறிக்கொண்டே போய், கடைசியில் பேச்சே நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் எல்லாச் செய்தியும் நடுவில் இருக்கும் மனைவி வழியாகத்தான் போகும்.

“மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேளு.”

“போதும்னு சொல்லு.”

“அம்மா, போதுமாம். ஏங்க, அம்மா கேட்டாங்க, நான் சொல்லிட்டேன். அம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க, நான்தான் இங்க எக்ஸ்சேஞ்ச் நடத்திட்டிருக்கேன்” என்று மனைவி அலுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்த டிவிடி பிளேயர் வந்தது. தள்ளுபடி விலையில் வாங்கியது. பெட்டிக்குள் இலவசமாக ஒரு டிஸ்க்: ‘ஜோடி நடனம் - வீட்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள்’. மனைவி அதைப் பார்த்து, “யாருக்கு வேணும் இது?” என்று டிவிக்கு அடியில் போட்டுவிட்டார்.

ஒரு நாள் பக்கத்துத் தெருவில் வேலை சீக்கிரம் முடிந்ததால் செட்டிங்ஸ் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி கிளினிக்கில். மாமியார் மதியத்தில் நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். சத்தம் இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா என்று பார்க்கக் கைக்குக் கிடைத்த அந்த டிஸ்கைத்தான் போட்டார். வாலுள்ள கோட்டு போட்ட ஒருவர் திரையில் தோன்றி, கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். செட்டிங்ஸ் விளையாட்டாக நின்றார். ஒரு காலை முன்னால் வைக்கச் சொன்னார். வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று.

என்ன நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை வருடம் தன் இஷ்டத்துக்கு மேஜையிலும் கதவிலும் மோதிக்கொண்டிருந்த அந்த உடம்பு, சொன்ன பேச்சைக் கேட்டது. அவர் சோபாவை ஒரு சுற்று சுற்றி வந்தார். எதிலும் இடிக்கவில்லை. இன்னொரு சுற்று வந்தார். அப்புறம், பூட்டிய வீட்டில் தனியாக நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. மதியமானால் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கேட்காதபடி சாக்ஸோடு ஆடுவார். ஜோடிக்கு ஒரு சோபாத் தலையணை. வேலைக்குப் போன இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் ‘டக்கு டிக்கு டிக்கு’ என்று ஓடினால் கால் தானாக நகரும். ஒரு வக்கீல் ஆபீஸில், “என்ன சார், எறும்பு கடிச்சிடுச்சா?” என்றே கேட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் பிளேயர் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் வசதி அதில் உண்டு. அவர் இரண்டாம் பாடத்தில் நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் போட்டால் நான்காம் பாடம் ஓடியது. பின்னால் போய் மூன்றாம் பாடத்தைப் படித்துவிட்டு நிறுத்தினார். மறுநாள் ஐந்தாம் பாடம். அது மட்டுமா? ஒரு நாள் படம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. இன்னொரு நாள் திரையின் அடியில் கொட்டை எழுத்தில் வசனம் ஓடியது. எல்லாவற்றையும்விட மோசம், கேமரா கோணம். எதிரில் நின்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரிமோட்டில் கோணம் மாற்றும் பட்டன் ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் அது எப்படி மாறும்?

செட்டிங்ஸ் மெனுவுக்குள் இறங்கினார். மொழி, திரை அகலம், ஒலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பினார். கோணத்தை முகம் தெரியும்படி வைத்தார். மறுநாள் போட்டால், ஐந்தாம் பாடம், கொட்டை எழுத்து, முதுகு.

கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“ஃபர்ம்வேர் பழசா இருக்கும் சார்.”

“அதான் நானும் நெனச்சேன்.”

“உள்ள ஓடற புரோகிராமே கோளாறு. புதுசு ஒண்ணு சிடில போட்டுத் தரேன். உள்ள தள்ளுங்க, அதுவே ஏத்திக்கும். ஒண்ணே ஒண்ணு, ஏறும்போது கரண்ட் போச்சுன்னா பொட்டி செங்கல்லுதான்.”

அன்று மாலை வீட்டில் அறுவை சிகிச்சை நடப்பது போல ஒரு நிசப்தம். சிடியை உள்ளே தள்ளியதும் திரை நீலமாகி, நடுவில் ஒரு பட்டை நகர ஆரம்பித்தது. சமையலறையில் மனைவி மிக்ஸியின் ஸ்விட்சில் கை வைத்தார்.

“தொடாதே!” என்று ஒரு கத்தல். “யாரும் எதையும் தொடாதீங்க! ஃப்யூஸ் போச்சுன்னா எல்லாம் போச்சு!”

மனைவி கையைத் தூக்கியபடியே நின்றார். மாமியார் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தார். பட்டை பாதியில் ஒரு கணம் தயங்கியபோது அவரும் மூச்சை இழுத்துப் பிடித்தார். பிளேயர் தட்டைத் தானாக வெளியே நீட்டி, புதுப் பொலிவோடு விழித்துக்கொண்டதும், “அப்பாடா, பொழைச்சிக்கிச்சு” என்று முதலில் சொன்னது மாமியார்தான். டிவி பக்கமே வராத அத்தைக்கு இதில் என்ன அக்கறை என்று செட்டிங்ஸுக்கு லேசாக ஒரு ஆச்சரியம். அவ்வளவோடு விட்டுவிட்டார்.

மறுநாள் மதியம்: ஐந்தாம் பாடம், கொட்டை எழுத்து, முதுகு.

செட்டிங்ஸுக்கு வந்த கோபத்தில் தலையணையைத் தூக்கி எறிந்தார். கடைசியாக மெனுவின் ஒரு மூலையில் ‘டிஸ்க் பூட்டு’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். குழந்தைகள் பார்க்கக்கூடாத டிஸ்கைப் பூட்டி வைப்பதற்கானது. பூட்டிவிட்டால் நாலு எண் போடாமல் டிஸ்க் ஓடாது; பிளேயர் தன்னால் ஓடிக் குழப்புகிறது என்றால் இனி அதற்கும் வழியில்லை. நாலு எண்ணைப் போட்டுப் பூட்டிவிட்டு, வெற்றிப் புன்னகையோடு வேலைக்குப் போனார்.

மறுநாள் இரவு மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ மெல்லுவதும் நிறுத்துவதுமாக இருந்தவர், பொறுக்கமாட்டாமல் மகளிடம் திரும்பி, “அந்த டிவிடிப் பொட்டி திடீர்னு எதுக்கு நாலு நம்பர் கேக்குதுன்னு மாப்பிள்ளையைக் கேளேன்” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிரே செட்டிங்ஸின் கை வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. இருவரும் திருதிருவென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீ எதுக்கும்மா டிவிடி போட்டே?” என்றார் மனைவி.

“அது... தூசி தட்டினேன். பட்டன்ல கை பட்டுடுச்சு.”

“ஆமாமா” என்று செட்டிங்ஸ் பாய்ந்து வந்தார். “அப்டேட் போட்டோம்ல, அதனால கேக்கும். எடுத்து விட்டுடறேன்.”

மனைவி குளிக்கப் போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் செட்டிங்ஸ் தொண்டையைச் செருமினார். பேச்சு நின்றுபோன பிறகு, நடுவில் ஆபரேட்டர் இல்லாமல் அவர் மாமியாரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“அத்தை, நீங்க எந்தப் பாடத்துல இருக்கீங்க?”

மாமியார் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அஞ்சு. அந்தச் சுத்தற எடத்துல தலை கிறுகிறுங்குது. அதான் அடியில எழுத்தையும் வரவச்சு, மெதுவா ஓடவிட்டுப் பாக்கறேன்.”

“நீங்கதானா அது! நான் பிரிச்சு மேஞ்சு, ஃபர்ம்வேர் வரைக்கும் மாத்திட்டேன்.”

“நீங்கதான் மாத்தி மாத்தி வைக்கறீங்களா? எனக்கென்ன தெரியும்? காலைல நீங்க ரெண்டு பேரும் போனதும் போடுவேன். வச்ச எடத்துல ஒண்ணும் இருக்காது. பொட்டியில ஏதோ பூந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

“சரி, அந்த வாத்தியாரை ஏன் திருப்பி நிக்க வைக்கறீங்க?”

“பின்ன? அவர் நம்மளப் பாத்து நின்னா அவரோட எடது நமக்கு வலதா வரும். முதுகு தெரியற மாதிரி வச்சாத்தான் கூடவே போக முடியும்.” மாமியார் ஒரு நொடி யோசித்தார். “ஆமா, நீங்க எந்தக் கால்ல ஆரம்பிக்கறீங்க?”

“வலது.”

“போச்சு. ஆம்பிளைக்கு எடது மாப்பிள்ளை.”

செட்டிங்ஸ் பேயறைந்தவர் போல நின்றார். ஊரில் உள்ள மெஷினுக்கெல்லாம் செட்டிங்ஸ் சரி செய்தவர், இத்தனை நாளும் சரியாக இருந்ததை வேலை மெனக்கெட்டுத் தப்பாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மொத்தப் பாடத்தையும் கண்ணாடிக்குள் இருப்பது போல இடம் வலமாகப் படித்து வைத்திருக்கிறார். அடக்கமாட்டாமல் அவருக்குச் சிரிப்பு வந்தது. மாமியாருக்கும் வந்தது. குழாய் நின்றதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“நாளைக்கு நூலகம் லீவு” என்று மெதுவாகச் சொன்னார் மாமியார். நூலகத்துக்கு மறுநாள் லீவெல்லாம் இல்லை.

அடுத்த நாள் செட்டிங்ஸ் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, டோனர் கறையை நகக்கண்ணிலிருந்தும் எடுத்துவிட்டு வந்து நின்றார். மாமியார் முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். ஆறாம் பாடம், இருவர் சேர்ந்து. கையைப் பிடிப்பதற்கே இருவருக்கும் வெட்கமாக இருந்தது; விரல் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

“எடது” என்றார் மாமியார்.

“எடது” என்றார் செட்டிங்ஸ், வலது காலை வைத்து.

முட்டி மோதிக்கொண்டார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை நாற்காலி ஒன்று விழுந்தது. மூன்றாவது தடவை, எப்படியோ, சரியான கால் சரியான இடத்துக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. சாப்பாட்டு மேஜையைச் சுற்றினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. சோபாவைச் சுற்றினார்கள். மாமியார் இறகு மாதிரி வந்தார். செட்டிங்ஸுக்குத் தன் கனம் மறந்தே போனது. மாமியார் கலகலவென்று சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பைச் செட்டிங்ஸ் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. “இன்னும் வேகமா மாப்பிள்ளை, இன்னும் வேகமா!”

அன்றைக்கென்று பார்த்துப் பல் டாக்டருக்கே பல்வலி வந்து, கிளினிக்கைப் பாதியில் மூடிவிட்டார். மனைவி சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தது இருவர் காதிலும் விழவில்லை. ஒரு சுற்றின் நடுவில் மாமியாரின் தோளுக்கு மேலாகச் செட்டிங்ஸ் மனைவியைப் பார்த்தார். ஆனால் அப்போது ‘இரண்டு’தான் ஆகியிருந்தது; நடுவில் நிறுத்தினால் விழுந்துவிடுவார்கள். ‘மூன்று’ முடித்துவிட்டுத்தான் நின்றார்.

திரையில் மட்டும் ஆசிரியரும் அவர் ஜோடியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மனைவி கையிலிருந்த சாவியால் இருவரையும் மாறி மாறிச் சுட்டினார்.

“ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களே!”

“இப்பவும் பேசலடி” என்றார் மாமியார், மூச்சு வாங்க. “எண்ணிட்டுதான் இருந்தோம்.”

மனைவி கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அப்புறம் திடீரென்று எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“அது சரி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை ஒரு தடவையாவது இப்படிச் சுத்தினீங்களா?”

“எனக்கே இப்பத்தானே தெரியும்” என்று செட்டிங்ஸ் கையை நீட்டினார்.

மனைவிக்கு ஆட்டம் சுத்தமாக வரவில்லை. கிளினிக்கில் வரிசையை நடத்தி நடத்திப் பழகியவர். அவர் இழுத்த இழுப்புக்குத்தான் மற்றவர் போக வேண்டியிருந்தது. செட்டிங்ஸின் கட்டைவிரலை இரண்டு தடவை மிதித்தார். “அவரை நடத்தாதே, அவர் கூடப் போ!” என்று மாமியார் அதட்டினார். “ஏங்க, நான் ஆம்பிளை ஸ்டெப்பே ஆடிக்கறேன், நீங்க பொம்பளை ஸ்டெப் கத்துக்கங்க” என்றார் மனைவி. செட்டிங்ஸுக்கு அதுவும் நியாயமாகவே பட்டது. மாமியார் ரிமோட்டை எடுத்து, மருமகனைக் கேட்காமலே, அந்த ஒரு சுற்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தார்.

மனைவி பிடித்த பிடியில் அந்தப் பெரிய உடம்பு ராட்டினம் போலச் சுழன்றது. மாமியாரும் வந்து கைகோத்துக்கொள்ள, ஒரு கட்டத்தில் யார் யாரைச் சுற்றுகிறார்கள் என்பதே தெரியாமல் போய், மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவராகச் சோபாவில் விழுந்தார்கள். சோபா முனகியது. கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“மூணாவது தட்டையும் தட்டச் சொல்லுங்க” என்றார் மாமியார், நேராக மாப்பிள்ளையைப் பார்த்து. “தாளம் பாதியில நிக்குது.”